அம்மா கை சொன்னது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, இங்கே நாங்கள் மூவரும் சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உங்கப்பாவுக்கு பஸ் ஓட்டி ஓட்டி முழங்கால் வலி, டாக்டரிடம் போகச் சொன்னால் மட்டும் காது கேட்காது. எனக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற வேலை தலைக்குமேல் கிடக்கிறது. உன் தங்கை குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, வாய் மட்டும் குறையவில்லை, அந்த வாயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டுக்குக் குடிவந்த கறுப்பினப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தேனே, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவர், போன செவ்வாய்க்கிழமை அவரும் நானும் குட்டியும் ஏறின லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. குட்டி அழ ஆரம்பித்ததும் அவர் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினார். இவள் வாங்கவில்லை, நீங்க வந்தாலே அம்மா கை என்னை இறுக்கிப் பிடிக்கும், பயப்படணும்னு அம்மா கை சொல்லும் என்று பள்ளிக்கூடத்தில் பேசுகிற இந்த ஊர் மொழியிலேயே சொல்லிவிட்டாள். அவருக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. பிஸ்கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, நாலடிப் பெட்டிக்குள் அதன் பிறகும் அரைமணி நேரம் நின்றோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அப்போதும் இந்தப் பாழாய்ப்போன கை குட்டியின் கையை இறுக்கித்தான் வைத்திருந்தது.

வாயால் நான் எந்த இனத்தையும் ஒருநாளும் பழித்ததில்லை, எல்லாரும் மனுஷங்கதான் என்று சொல்லித்தானே உங்கள் இருவரையும் வளர்த்தேன். இப்போது வெட்கப்பட்டுக்கொண்டு துணி மூட்டையோடு ஆறு மாடியும் படியில் ஏறி இறங்குகிறேன், படியிலும் அவர் எதிரே வந்துவிட்டால் கை தானாக மூடிக்கொள்கிறது. அடுத்த மாதம் நீ கட்டிக்கொள்ளப்போகிறவரை அழைத்து வருகிறாய், அவரும் அந்த இனத்துக்காரர். எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை என்று போனில் சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். ஆனால் அவர் வாசலில் வந்து நிற்கும்போது குட்டி என் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள்.

நீங்கள் இருவரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஒன்று மட்டும் மறக்காமல் எழுது, மழுப்பாமல் எழுது. உன்னையும் இதே கையால்தான் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்தேன். நீ மட்டும் எப்படியம்மா உருவிக்கொண்டாய்?

என்றும் உன்
அம்மா