அச்சுக்கூடத்துத் தீபாவளித் துணி

ஐப்பசி 11, புதன்

விடியும் முன்பே மழை. ஆற்றில் செவ்வெள்ளமாம். குறுக்குத்துறையில் கோயில் முங்கிவிட்டதாகப் பால்காரி சொன்னாள்.

காலையில் கல்யாணப் பத்திரிகை புரூப் இரண்டு. ஒன்றில் ‘சுபமுகூர்த்தம்’ என்பதில் ஓர் எழுத்துத் தலைகீழ். திருத்தி மகள் கோமதியிடம் கொடுத்து முன்கட்டுக்கு அனுப்பினேன். அச்சுக்கூடம் முன்கட்டில், நாங்கள் பின்கட்டில். அவர் இருந்த நாளிலும் இப்படித்தான்.

பெரியத்தான் வந்தார். அவருடைய அண்ணன். ஆனி மாதம் அவர் காரியம் முடிந்ததிலிருந்து வாரம் ஒரு முறை வந்து அச்சுக்கூடத்தைப் பார்த்துப் போகிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“தீபாவளி வருது. இந்த வருசம் ஆளுகளுக்குத் துணி வேண்டாம் பார்வதி. துக்க வீட்லேர்ந்து புதுத்துணி போகப்பிடாது. ரூபாயாக் குடுத்திருவோம். எல்லாவனுக்கும் ஒண்ணு போல. நானே என் வீட்ல வச்சுக் குடுத்திருதேன்.”



படி இறங்கும்போது சொன்னார்: “தை பொறந்ததும் மிஷினுக்கு ஒரு ஆளப் பாக்கேன். பொம்பளை எத்தனை நாளைக்கு இதைக் கட்டி மாரடிப்பே.”

விற்கப் போகிறார். அதுதான் விஷயம்.

மத்தியானம் சாப்பிடவில்லை. உளுந்து காயப்போட வெயில் இல்லை.

ஐப்பசி 12, வியாழன்

தூறல். தலைவலி. சுக்குப் பற்று.

நேற்றிலிருந்து அவர் ஞாபகமாகவே இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் கடைத்தெருவிலிருந்து துணி மூட்டையோடு வருவார். பாயை விரித்துப் பரப்புவார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, “ம், சொல்லு” என்பார். யாருக்கு எது என்று நான் சொல்லவேண்டும். சுருக்கம் போகத் தடவித் தடவி மடிப்பார். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பூவன்பழம் வைப்பார். பழம் துணியில் கறை போடும் என்று வருஷா வருஷம் சண்டை. கேட்டதே இல்லை.

கோமதி பிறந்த வருஷம் நான் சேரன்மாதேவியில், அம்மா வீட்டில். அவர் தனியாகப் போய் எடுத்தார். எல்லார் வீட்டுப் பெண்களுக்கும் ஒரே பாசிப்பச்சை, ஒரே கரை. தீபாவளியன்று அத்தனை பேரும் ஆற்றங்கரையில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்களாம். யாரோ, “என்னடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா?” என்று கேட்டுச் சிரிப்பு. நான் பிள்ளையோடு திரும்பி வந்ததும் அச்சுக்கூடத்துச் சங்கரலிங்கம் முற்றத்தில் நின்று, “அம்மா, அடுத்த வருசம் ஐப்பசில எங்கயும் போயிராதிய” என்றார். இவர் உள்ளே இருந்து கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு.

துணிதான் கொடுக்கப்போகிறேன். என் கையால்.

எழுதிப் பார்த்தால் தைரியமாகத்தான் இருக்கிறது.

ஐப்பசி 13, வெள்ளி

வெயில். உளுந்து காய்ந்தது.

நான் கடைத்தெருவுக்குப் போகமுடியாது. ஒரு வருஷம் ஆகும்வரை வாசலே கிடையாது. பைண்டு வேலை பார்க்கும் மீரானைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மேலப்பாளையத்துக்காரர். அவர் மச்சானுக்கு இரண்டு தறி.

“கடைக்கு எதுக்கும்மா? மச்சானை மூட்டை கட்டி இங்கனயே கொண்டாரச் சொல்லுதேன். பைய இருந்து பாத்து எடுங்க.”

அவர் போன பிறகுதான் உறைத்தது. மீரானுக்கு மட்டும் தீபாவளிக்கு இல்லை, நோன்புப் பெருநாளைக்குத்தான் துணி. இந்த வருஷம் பெருநாள் ஆடிக் கடைசியில் வந்து போய்விட்டது. வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மனுஷர் வாய் திறக்கவில்லை. மறுநாள் பழைய சட்டையோடு வேலைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.

ஐப்பசி 15, ஞாயிறு

மூட்டை வந்தது. விலை ஏறித்தான் இருக்கிறது. சீமையில் நடக்கும் சண்டையால் சாயம் வருவதில்லையாம். நீலம் வெளுத்த நீலம்.

அவர் இடத்தில் கோமதி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “ம், சொல்லுங்க” என்றாள். எங்கே கண்டாளோ.

எடுத்தது:

மீரான்: எட்டு முழ வேட்டி, சட்டைத்துணி. கேட்காமல் இருந்ததற்காக ஒரு துண்டு கூட.

மாடசாமி (மிஷின் சக்கரம் சுற்றுகிறவர்): வேட்டி. பேட்டையிலிருந்து மழையில் நனைந்துதான் வருகிறார், கருப்புக் கம்பளி ஒன்று. பெண்சாதிக்கு ஏழாம் மாசம், கஞ்சி போடாத மெத்தென்ற சேலை.

சங்கரலிங்கம் (எழுத்துக் கோக்கிறவர்): வேட்டி. பெண்சாதி பிச்சம்மாளுக்குச் சுங்கடி. மகள் தெய்வானைக்குக் கார்த்திகையில் கல்யாணம். அவளுக்கு அரக்குச் சேலை, மாம்பழக் கரை.

அரக்கை எடுத்து வைத்தேன், திரும்ப உள்ளே போட்டேன், மறுபடி எடுத்தேன். கல்யாணப் பெண்ணுக்கு என் கையால் துணி. அவளுக்குக் கட்டினால் நன்றாக இருக்கும் என்பது தெரிகிறது. நான் கொடுக்கலாமா என்பது தெரியவில்லை.

மஞ்சள் நான் வைக்கக்கூடாது. கோமதி வைத்தாள். ஈஷி வைத்திருக்கிறாள்.

ஐப்பசி 18, புதன்

மூன்று நாளாக அடைமழை. காகிதமெல்லாம் நமுத்துப்போய் மை பிடிக்கவில்லை. வேலை நின்றுவிட்டது.

பெரியத்தானுக்குத் துணி விஷயம் எட்டிவிட்டது. வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நீ கெட்ட எண்ணத்துல செய்யல, தெரியும். ஆனா அவங்க வீட்டையும் யோசிக்கணும்லா. மூஞ்சிக்கு நேர வேண்டாம்னு சொல்லமாட்டாங்க, வாங்கிக்கிடுவாங்க. வீட்ல போயி பொம்பளைகள் ஆத்துல விட்டுருவாளுக. உனக்குத் தெரியவா போகுது?”

“ஆத்துல விட்டா விடட்டும் அத்தான்” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“சரி. வெள்ளிக்கிழமை காலைல என் வீட்டுக்கு வரச்சொல்லி இருக்கேன். ரூபாய் நான் குடுக்கேன். பெறகு உன்கிட்ட வாறதும் வராததும் அவங்க பாடு.”

ஆற்றில் அரக்குச் சேலை மிதந்து போகிற மாதிரி நினைப்பு. சோறு குழைந்துவிட்டது.

ஐப்பசி 20, வெள்ளி

நாளை தீபாவளி. எங்களுக்கு இல்லை. எதிர் வீட்டில் முறுக்கு வாசனை.

பட்டாசல் கூடத்தில் துணியை அடுக்கி வைத்துவிட்டுத் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மீரான் வந்தார். மடிப்பை இரண்டு கையாலும் வாங்கினார்.

“பெருநாள் போயிட்டுதே மீரான்.”

“அண்ணாச்சி வீட்டுத் துணிக்கு நாள் எதுக்கும்மா. நாளைக்கே கட்டுதேன்.”

பழம் வைக்க மறந்துவிட்டேன். ஓடிப்போய் எடுத்துவந்தேன். பழம் எங்கே என்று அவர் கேட்கவில்லை, ஆனால் மடிப்பைத் தடவித் தேடின மாதிரி இருந்தது.

பிறகு மாடசாமி. கம்பளியை விரித்துத் தலையோடு போர்த்தினார், எடுத்தார், மறுபடி போர்த்தினார். “வெயிட்டு நல்லாருக்கும்மா.” போகும்போது கனத்த மழை. கம்பளி நனையக்கூடாதென்று வேட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டே இறங்கினார். படியில் நின்று, “தீபாவளி கழிச்சு வேலை உண்டுல்லாம்மா?” என்று கேட்டார்.

“உண்டு” என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

சங்கரலிங்கம் வரவில்லை.

விளக்கு வைக்கும்வரை பார்த்தேன். பெரியத்தான் வீட்டுக்குப் போனாராம், பால்காரி பார்த்திருக்கிறாள். தப்பில்லை. கல்யாணம் வைத்திருக்கிற வீடு. நானே அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? பதினாறு வருஷம் இந்த அச்சுக்கூடத்தில் இருக்கிறார். அவர் கோத்த எழுத்தைத் திருத்தித் திருத்தித்தான் எனக்குக் கண்ணாடி வந்தது.

அரக்குச் சேலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். தப்பில்லை என்று எழுதியாயிற்று. ஆறவில்லை.

ஐப்பசி 21, சனி. தீபாவளி

எண்ணெய் இல்லை, பலகாரம் இல்லை. தெருவெல்லாம் வெடிச்சத்தம். கோமதி சன்னலை விட்டு நகரவில்லை. சின்னப் பிள்ளை, பாவம். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

தீபாவளியன்று அவர் குளித்துவிட்டு முதலில் செய்கிற வேலை, ஒரு நடை போய்வருவது. கோயிலுக்கு என்று சொல்வார். உண்மையில், யார் யார் எதைக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க. திரும்பிவந்து அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வார். “மாடசாமி பெண்சாதிக்கு அந்த ஊதா எடுப்பா இருக்கு. நீ சொன்னது சரி.” நான் ஒரு வருஷமும் போய்ப் பார்த்ததில்லை. அவர் கண்ணால்தான் பார்த்தது எல்லாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கொல்லைக் கதவைத் தட்டும் சத்தம்.

பிச்சம்மாள். பின்னால் தெய்வானை, எண்ணெய்த்தலை ஈரத்தோடு.

“அவுகளை வையாதிய அம்மா. நேத்து அங்க பெரியவுக, கல்யாணம் வச்சிருக்கிய, பாத்து நடந்துக்கிடுங்கன்னு சொல்லிட்டாவளாம். பயந்துட்டாக. உங்க மொகத்துல முழிக்கக் கூச்சமா இருக்குன்னு திண்டாடிக்கிட்டுக் கிடக்காக.”

“பயப்படுறது நியாயந்தான் பிச்சம்மா. பிள்ளை கல்யாணம்லா.”

“நியாயந்தான். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. காலைல இவ எண்ணெய் தேய்ச்சுக்கிட மாட்டேன்னுட்டா. அம்மா எனக்கு எடுத்து வச்சிருப்பாக, போயி வாங்கிட்டு வா, அதைக் கட்டாம எனக்கென்ன தீபாவளின்னு ஒரே பிடி. பாத்தேன். என் கல்யாணச் சேலையை விட்டா, இத்தனை வருசமும் என் ஒடம்புல கிடந்தது பூரா நீங்க பாத்துச் சொன்னது. அதக் கட்டிக்கிட்டுதான் ரெண்டு பெத்தேன், வளத்தேன். ஒரு கொறையும் வரல.”

பெட்டியைத் திறக்கப் போனேன். சாவி இரண்டு முறை விழுந்தது.

பிள்ளை கையில் நேராகக் கொடுக்க மனம் வரவில்லை. பாயில் வைத்தேன். தெய்வானை எடுக்கவில்லை, கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அப்புறம் நானே எடுத்துக் கொடுத்தேன். அரக்கு. பிரித்துப் பார்த்து, “மாம்பழக் கரை” என்று அம்மாவிடம் சொன்னாள், ஏதோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி.

“கார்த்திகையில கல்யாணம். நீங்க வரணும்மா” என்றாள் பிச்சம்மாள்.

“நான் எப்படி வர? தெரியும்லா உனக்கு.”

“தெரியும். அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுமா?”

சுங்கடியையும் வாங்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு அழுதேன். ஆனி மாதம் அழுத அழுகை வேறு. இது வேறு.

சாயங்காலம் கோமதி சன்னலிலிருந்து கத்தினாள்: “அம்மா, தெய்வானையக்கா கட்டிக்கிட்டுப் போகுது, வந்து பாருங்க.” போய்ப் பார்த்தேன். எடுப்பாகத்தான் இருக்கிறது.

ஐப்பசி 23, திங்கள்

மேகமூட்டம். மிஷின் ஓடுகிறது. கார்த்திகை முகூர்த்தப் பத்திரிகை நாலு. காகிதம் சொல்லவேண்டும். மை போதும்.

சங்கரலிங்கம் வந்துவிட்டார். முற்றத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. புரூபில் ஒரு பிழைகூட இல்லை. வேட்டியைக் கோமதியிடம் கொடுத்தனுப்பினேன்.

பத்து மணிக்குத் தூறலில் குடையோடு பெரியத்தான். கதவுக்குப் பின்னால் நின்றேன். வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார்.

“மீரானும் மாடசாமியும் உன் துணியக் கட்டிக்கிட்டு என் வீட்டு வழியாத்தான் போனானுவ. ரூபாயும் ஆச்சு, துணியும் ஆச்சு. கெட்டிக்காரப் பயலுவ.”

சிரித்தாரா என்று தெரியவில்லை. குரலில் இருந்தது.

“மிஷின் கிடக்கட்டும். ஆனி வரைக்கும் பாப்போம். ஓடுதா இல்லையான்னு.”

“சரி அத்தான்.”

எழுந்தார். போகவில்லை.

“எல்லாத் துணியும் நீதான் சொல்லுவியாமே. பயலுவ சொல்லுதானுவ. அப்போ தம்பி எனக்கு வருசா வருசம் எடுத்தது? கரை இல்லாம, வெறும் வேட்டியா, எனக்குப் பிடிச்ச மாதிரியே கொண்டாருவான். அதுவும் நீ சொல்லித்தானா?”

“இல்ல அத்தான். அது மட்டும் அவுகளே எடுப்பாக. பாயிலகூட விரிக்கமாட்டாக. என்னைக் கேட்டதே இல்ல.”

எட்டிப் பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே மழையில் இறங்கிப் போய்விட்டார். குடை இங்கே.