மலர்க்கொடிக்கு, பட்டைக் கணக்கைத் திருடியவள் எழுதுவது

என் மலரு,

இப்படிச் சுருக்கி உன்னைக் கூப்பிட எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. நீ இருந்தவரைக்கும் "மலர்க்கொடி" என்று முழுப்பேரைத்தான் சொல்வேன், வகுப்பில் வருகைப்பதிவு வாசிக்கிற மாதிரி. பாசம் இல்லாமல் இல்லை. பொறாமை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும். நான் செய்ததும் நாலு பேர் முன்னால்தானே?

அண்ணனை நான் கட்டினேன், தம்பியை நீ கட்டினாய். ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டை ஒட்டி, நடுவில் ஒரே சுவர் வைத்து இரண்டு வூடு. நான் நம்ம ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர், அப்போதே பதினெட்டு வருஷ சர்வீஸ். நீ பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்து ஜாக்கெட் தைத்தவள். நமக்குள் போட்டிக்கே இடமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்தப் பயிற்சிப் புத்தகத்தை உனக்குக் கொடுத்ததே நான்தான், தெரியுமா? ஜெயங்கொண்டத்தில் இரண்டு நாள் கணக்குப் பயிற்சி. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கதை பேசிவிட்டு, புத்தகத்தைப் பிரிக்காமலே வூட்டுக்குக் கொண்டுவந்தேன். "கழுத்து மாடல் வெட்டக் கெட்டிப் பேப்பர் இருந்தா குடுங்கக்கா" என்று நீ கேட்டாய். எடுத்துக் கொடுத்தேன். கத்தரிக்கப்போகிற பேப்பரை யாராவது உட்கார்ந்து படிப்பார்களா? நீ படித்திருக்கிறாய்.

எனக்கு அது தெரிந்தது யாழினி அழுத அன்றைக்கு. அப்போது என் மகள் மூன்றாவது, என் வகுப்பிலேயே. "அமுதாவிடம் 35 முந்திரிக்கொட்டை உள்ளன. அது பானுவிடம் உள்ளதைவிட 12 அதிகம். பானுவிடம் எத்தனை?" இதுதான் கணக்கு. 'அதிகம்' என்று வந்தால் கூட்டு, 'குறைவு' என்று வந்தால் கழி என்று பதினெட்டு வருஷமாக நான் சொல்லித் தந்த வழியில் போட்டு, 47 என்று எழுதியிருந்தாள். பாடப்புத்தகத்தின் பின்னால் 23 என்று இருந்தது. புத்தகத்து விடைதான் தப்பு என்றேன் நான். அவள் அழுதுகொண்டே உன் வாசலுக்கு ஓடினாள்.

நான் போய்ப் பார்க்கும்போது நீ தைக்கிற மெஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாய். மிச்சத் துணியில் ஒரு சிவப்புப் பட்டை, ஒரு பச்சைப் பட்டை. இடது ஓரத்தைச் சமமாக வைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாகப் பரப்பியிருந்தாய்.

"இதுல யாருடி நீளம், அமுதாவா பானுவா?"

"அமுதாதான் சித்தி. அவகிட்டதானே அதிகமா இருக்கு."

"அப்ப சிவப்பு அமுதா. முழு நீளமும் முப்பத்தஞ்சு. பச்சையவிட இது எவ்ளோ துருத்திக்கிட்டு நிக்குது?"

"பன்னெண்டு."

"அந்தப் பன்னெண்ட மடிச்சு வுடு. இப்ப ரெண்டும் சமமாயிடுச்சா? மிச்சம் எவ்ளோ?"

யாழினி சிவப்பின் நுனியை மடித்தாள். "இருபத்தி மூணு!" என்று கத்தினாள். பிறகு உன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிப்பிடித்தலை நான் வாசலில் நின்று பார்த்தேன், மலரு. நான் டீச்சர். அவள் என் மகள். அந்தப் பட்டை இருந்த புத்தகமும் என்னுடையது.

ஒரு மாதத்துக்குள் தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் பையோடு நேராக உன்னிடம் வர ஆரம்பித்தார்கள். துணி போய்த் தரையில் சாக்பீஸ் கட்டமாயிற்று. பிறகு என் வகுப்பு நோட்டுகளிலும் அந்தக் கட்டங்கள் முளைத்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? "கணக்கு நோட்டுல படம் போட்டா மார்க் கிடையாது" என்று சொன்னேன். முன்பெஞ்சில் இருந்த சுபா போட்ட இரண்டு பட்டைகளை நானே ரப்பர் வைத்து அழித்தேன். தாள் கிழிந்தது. அவள் என்னையே பார்த்தாள். இதை உன்னிடம் வந்து சொன்னாளா? சொல்லியிருந்தால் நீ ஏன் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை?

அதற்குப் பிறகு ஒரு நாள் கல்வி அதிகாரி திடீரென்று வகுப்புக்கு வந்தார். "ஒரு தோட்டத்துல பதினெட்டு முந்திரி மரம் இருக்கு. அது பக்கத்துத் தோட்டத்தைவிட ஆறு குறைவு. பக்கத்துத் தோட்டத்துல எத்தனை?" என்று கேட்டார். 'குறைவு' என்ற சொல் காதில் விழுந்ததும், படம் போடப் பயந்திருந்த வகுப்பே "பன்னெண்டு சார்" என்றது. சுபா மட்டும் டெஸ்க்குக்கு அடியில் குனிந்து உள்ளங்கையில் பேனாவால் எதையோ போட்டுவிட்டு எழுந்தாள். "இருபத்தி நாலு சார்."

அவர் அவள் கையை விரித்துப் பார்த்தார். ஒரு சின்னப் பட்டை, ஒரு பெரிய பட்டை. "அருமை. யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

சுபா வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான்தான் சார்."

அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது. என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தது.

அடுத்த மாதம் ஜெயங்கொண்டத்தில் அறுபது டீச்சர்கள் முன்னால் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். செய்தி யாழினி வழியாக உனக்கு வந்துவிட்டது. "சித்தி, அம்மா அவங்களே சொல்லிக் குடுத்ததா சொல்லிட்டாங்க" என்று என் எதிரிலேயே போட்டு உடைத்தாள். நீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்துல அப்புடித்தான்டி சொல்லணும், நான் என்ன டீச்சரா?" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, எது பெருசுன்னு புள்ளைங்க வாயால சொன்னதுக்கு அப்பறம் கோடு போடுங்க. நீங்களே மொதல்ல போட்டுட்டா அதுங்க யோசிக்காதுங்க" என்றாய்.

நீ சண்டை போட்டிருக்கலாம். உன் அந்த நல்ல குணம்தான் என்னை இன்னும் எரித்தது. நீ சொன்னபடியே வகுப்பு எடுத்தேன். கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். அதை உன் கண்ணில் படாமல் பீரோவில் வைத்தேன்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலாம் நாள் உன் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். உதடு வெடித்திருந்தது. "அக்கா, சுபா இப்ப நல்லா போடுறாளா?" என்றாய். அவள் பட்டைகளை அழித்ததைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "போடுறா, நீ தூங்கு" என்றேன். மறுநாள் நீ இல்லை.

இங்கே உள்ள சேதிகளைச் சொல்கிறேன். உன் வூட்டுக்காரர் சிமெண்ட் லாரிக்குத்தான் போய்வருகிறார், முன்னை மாதிரி அதிகம் பேசுவதில்லை. யாழினி ஐந்தாவது. கட்டம் போடுகிற சாக்பீஸைக் கூட நீ பிடிக்கிற மாதிரி இரண்டு விரலில்தான் பிடிக்கிறாள். உன் மகள் பூவிழி இப்போது இரண்டாவது. இந்த வருஷம் எனக்கும் இரண்டாம் வகுப்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள். தலை பின்னி விடுவது நான்தான். ஜடை சரியில்லை என்று தினமும் குறை சொல்கிறாள்.

போன மாதம் மறுபடியும் டீச்சர்கள் கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கரும்பலகையில் இரண்டு பட்டை போட்டேன். கை நின்றுவிட்டது. "இது எனக்குத் தெரிஞ்ச கணக்கு இல்லீங்க. என் ஓரகத்தி மலர்க்கொடி சொல்லிக் குடுத்தது. நான் சொல்லிக் குடுத்ததா பொய் சொன்னேன்" என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு டீச்சர், "அவங்க எந்த ஸ்கூலுங்க?" என்றார். "ஸ்கூல் இல்லீங்க, ஜாக்கெட் தைச்சாங்க" என்றேன்.

டீ குடிக்கும்போது எல்லோரும் உன்னைப் பற்றியே கேட்டார்கள். போட்டோ இருக்கா, எப்படி ஆரம்பித்தார்கள் என்று. உண்மையைச் சொன்னதற்கு என்னை ஒரு வார்த்தை பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன் போல. ஒருவரும் சொல்லவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உன்மேல் பொறாமைப்பட்டேன். செத்துப்போனவள்மேல். இது தீருமா, மலரு?

திங்கட்கிழமை பள்ளியில் சுபாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்று ஓடிவிட்டாள். பரவாயில்லாமலா இருந்திருக்கும்?

நேற்று சாயங்காலம் உன் வூட்டில், உன் தையல் மெஷின் பக்கத்தில், பூவிழி என் முன்னால் உட்கார்ந்து கேட்டாள். "பெரியம்மா, எங்கம்மா உங்களவிட நல்லா சொல்லித் தருவாங்களா?"

"ஆமா."

"எவ்ளோ அதிகம்?"

"நெறைய."

"நெறையன்னா? எவ்ளோன்னு சொல்லணும்ல?"

சாக்பீஸை எடுத்தேன். தரையில் என் பட்டையைப் போட்டேன். அதன் கீழே உன்னுடையதை இழுத்தேன், என்னுடையதைவிட இரண்டு விரல் கூடுதலாக. அந்த நேரத்திலும் என் கை அவ்வளவுதான் போனது, பார்த்துக்கொள்.

பூவிழி உற்றுப் பார்த்தாள். "இவ்ளோதானா பெரியம்மா?"

ஏமாந்துபோன அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. "இல்லடி தங்கம், இன்னும் இருக்கு" என்று குனிந்து உன் பட்டையை நீட்டினேன். மெஷினைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, முழங்காலிலேயே நகர்ந்து மண்தரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் கூடவே சிரித்துக்கொண்டு ஓடிவந்தாள். சாக்பீஸ் தீர்ந்துபோய் விரல் தேய்ந்தது.

பொறாமைப்படாமல் இருப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், மறுபடியும் பொய் வேண்டாம். ஆனால் உன் மகளுக்கு உன் அளவை இனி ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உன்னைக் கடைசிவரை மலரு என்று கூப்பிடாமல் போன,
உன் ஓரகத்தி, உன் அக்கா
செல்வராணி