கண்ணாடிக்கு அப்பால் ஓர் அறை

மார்ச் 3

அன்புள்ள மோட்டார் டாக்டருக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஓர் உதவி வேண்டும். படத்தைப் பார்த்து எது பக்கத்தில், எது தூரத்தில், எது எதற்குப் பின்னால் என்று சொல்ல இங்கே ஒரு கணினியைப் பழக்குகிறோம். இதுவரை அது பார்த்ததெல்லாம் விளம்பரத்துக்கு அலங்கரித்த வீடுகள். ஆள் புழங்கும் வீட்டைக் கண்டால் திணறுகிறது. நம் வீட்டைவிட அடைசலான வீடு எனக்குத் தெரியாது. வாசலிலிருந்து நடந்தபடியே படம் எடுத்து அனுப்புங்கள். எதையும் ஒழுங்குபடுத்த வேண்டாம். சொன்னாலும் செய்ய மாட்டீர்கள்; கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேனே.

வாயாடி


மார்ச் 9

வாயாடிக்கு,

படங்களை அனுப்பிவிட்டேன். பின்னறையை எடுக்க முடியவில்லை. பழுதுக்கு வந்த மிக்சிகளும் மோட்டார்களும் கதவை முட்டிக்கொண்டு நிற்கின்றன. சாப்பாடு ஏதோ நடக்கிறது. உன் கணினி என்ன சொல்லிற்று?

நான்தான்


மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

கணினி நம் வீட்டுக்கு வரைபடம் போட்டது. கூடத்து நிலைக்கண்ணாடியை வாசல் என்று நினைத்துவிட்டது. அதற்கு அப்பால் ஓர் அறை இருக்கிறதாம். அங்கேயும் ஒரு மேசை, ஒரு ஜன்னல், தரையில் சாய்ந்து விழும் வெயில். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் காகிதங்கள்மேல் எண்ணெய் வடியும் மோட்டாரை நீங்கள் வைத்த அன்று, "இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு மூலையாவது இருக்கா?" என்று கேட்டேன். "இருந்தா தேடிக்கோ" என்றீர்கள். இந்த ஊர் வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டு நான் பெட்டியைக் கட்டினேன். கணினி தேடிப் பார்த்திருக்கிறது.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அந்த அறைக்குள் போய்விடுகிறேன். திரைச்சீலை அசைகிறது. பக்கத்தில் எங்கேயோ நீங்கள் திருகாணி முடுக்கும் சத்தம் கேட்கிறது. ஆனால் உள்ளே யாரும் எதையும் கொண்டுவந்து வைப்பதில்லை.

கண்ணாடி என்றால் என்னவென்று இனி அதற்குப் புரியவைக்க வேண்டும். புரிந்ததும் அந்த அறை போய்விடும். மனசே வரவில்லை. இங்கே இன்னொரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

வாயாடி


மார்ச் 22

வாயாடிக்கு,

நிலைக்கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். எண்ணெய்ச் சட்டையோடு ஓர் ஆள்தான் தெரிந்தான். அவன்மேல் கோபம் வந்தது.

இன்னும் சில படங்கள் அனுப்பியிருக்கிறேன். கணினியிடம் காட்டு. வேறொன்றும் எழுதத் தெரியவில்லை.

நான்தான்


மார்ச் 27

என் அன்பு மோட்டார் டாக்டருக்கு,

கணினிக்கு இப்போது கண்ணாடி நன்றாகவே தெரிகிறது. இருந்தும் உங்கள் புதுப் படங்களைப் பார்த்துவிட்டு, ஓர் அறை கூடுதலாக இருக்கிறது என்று மறுபடியும் சொன்னது. பழக்கியதில்தான் கோளாறு என்று நினைத்து, படத்தில் கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடியே இல்லை. சுவரில் எண்ணெய்க் கறை, திறந்த ஜன்னல், ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நம் பின்னறைக்கு ஜன்னல் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

மோட்டார்கள் எங்கே போயின என்று தேடினேன்; எல்லாம் படுக்கையறைப் படத்தில் குவிந்து கிடந்தன. கட்டில் எங்கே என்று கணினியால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எங்கே படுக்கிறீர்கள்?

இன்னொரு வருடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்குமா என்று கணினியைக் கேட்டேன். இருக்கும் என்றது. போட்டு வையுங்கள். சண்டை போட வந்தால் நீங்களும் உட்கார வேண்டாமா?

உங்கள் வாயாடி