துண்டுக்கடியில் நாற்பத்தேழு

12-6-68, புதன்.
வெயில். காற்றும் வெயிலாகவே வீசுகிறது. காலையிலேயே இரண்டு பேர், பருத்தியில் புழு என்று. அருப்புக்கோட்டை ஊராருக்கு நான் ஓய்வுபெற்ற விவசாய இலாகா குமாஸ்தா. இருபது வருஷம் உளவுப் பிரிவில் இருந்தவனுக்குப் புழுவைப் பற்றி என்ன தெரியும்? வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னேன்.

மதியம் பழைய மேலதிகாரி (இனி மே.) கடிதம். கடற்கரையிலிருந்து கடத்தல் தங்கம் பஞ்சு லாரியில் இந்தப் பக்கம் வருகிறதாம். கைமாற்றுவது யார் என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். "உன்னை விட்டால் யார்?" என்று ஒரு வரி. அதில்தான் விழுந்தேன். முழங்கால் வலி, சர்க்கரை, தொந்தி மூன்றும் கூட வரும்.

14, வெள்ளி.
திருச்சுழி. லாரி டிரைவர் செல்லையாவைப் பிடித்தேன். கைமாற்றுவது நரிக்குடிப் பக்கத்து மாட்டுத் தரகன் மாயாண்டி என்றான்.

"எம் பேரு வெளிய வந்துச்சுன்னா என்னையக் கண்மாயிலதான் தேடணும் அண்ணாச்சி. நாலு பிள்ளைக இருக்கு."

சத்தியம் செய்தேன். மே.க்கு எழுதியது இவ்வளவே: ஆள் ஒருவன் சொன்னான், செவ்வாய் மாட்டுச் சந்தைக்குப் போகிறேன். பெயர் எதுவும் இல்லை.

18, செவ்வாய்.
மாடு வாங்க வந்தவன் வேஷம். கச்சிதம் என்று நினைப்பு. ஒரு கிழட்டு மாடு மட்டும் என் வேட்டியை மென்று பார்த்தது.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மறைத்து, அடியில் விரலைப் பிடித்துத்தான். மாயாண்டியே வந்து என் கையைப் பிடித்தான். பக்கத்தில் மாடே இல்லை. முதலில் நாலு விரல். பிறகு ஐந்து, கூட இரண்டு.

நாற்பத்தேழு. இலாகாவில் என் ரகசிய எண். தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் மே.யும். நான் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

"யாவாரம் முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. முழங்கால் நோவோட அலையாம வீட்டுக்குப் போங்க," என்றான் சிரித்தபடி.

பஸ்ஸில் கண்டக்டர் மூன்று தடவை கேட்டும் நான் டிக்கெட் எடுக்காமல் நிற்பதைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். வயதென்று நினைத்திருப்பார்.

20, வியாழன்.
மே. கடிதம். நலமா என்றுகூட இல்லை. துப்புச் சொன்னவன் பெயர் உடனே வேண்டுமாம், சன்மானம் உண்டாம். கைமாற்றுபவன் பெயரைக் கேட்கவே இல்லை. இந்த ஆளுக்கு இருபது வருஷம் குடை பிடித்திருக்கிறேன். ரசத்தில் உப்பில்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது. "ஆபீஸ் கடுதாசி வந்தாலே இவுகளுக்கு நாக்கு செத்துப்போகுது," என்று பெண்டாட்டி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்லையாவிடம் போய், ஒரு மாதம் வடக்கே லோடு எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு பதில் எழுதினேன். பணிவாக:

"துப்புச் சொன்னவர் தரகர் மாயாண்டி. சந்தையில் தாமாகவே என் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தங்கள் பங்கு எவ்வளவு என்பது வரை."