நீக்கும் முன் ஒரு கேள்வி

மார்ச் 4

தங்கையின் கைக்கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு விரல்களும் தப்பிவிட்டன. மடக்க வருமா என்பதை இப்போதே சொல்ல முடியாதாம். "மோதிரம் போடத்தானே அந்த விரலு, நான் எங்க போடப்போறேன்" என்று டாக்டரிடமே ஜோக் அடிக்கிறாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். அதே கம்பெனியில் ஆவணப் பிரிவில் நான். மெக்கானிக்குகள் போனில் தேடினால் வந்து நிற்கும் செய்முறைத் தாள்களெல்லாம் என் பொறுப்பு. அடிபட்ட அன்று அவள் தேடியபோது முதலில் வந்தது பழைய பிரேக்குக்கான தாள். எதிரில் இருந்ததோ புதிய பிரேக். தாள் சொன்ன நட்டைக் கழற்றினாள். ஸ்பிரிங் விரல்களில் பாய்ந்துவிட்டது.

மார்ச் 6

மேலாளர் கூப்பிட்டார். பழைய தாள்களைத் தேடலிலிருந்து எடுக்க ஒரு ஏஐ ஏஜென்ட் வாங்கியிருக்கிறார்கள். வேண்டியதைச் சாதாரணமாக எழுதினால் போதும். அதுவே படித்து, பிரித்து, நம்மைக் கேட்டுவிட்டு நீக்கும். கோப்பு எங்கேயும் போகாது, தேடினால் வராது, அவ்வளவுதான். தேடி வராத தாள் மெக்கானிக்குக்கு இல்லாத தாள்தான்.

"நாலு வருஷமா ஆள் கேட்டீங்களே" என்றார். ஆள் கேட்டவனுக்கு ஆள் அல்லாத ஒன்றைக் கொடுக்கிறார்!

மார்ச் 7

எழுதினேன்: பழைய பிரேக் பற்றிய எல்லாவற்றையும் தேடலிலிருந்து நீக்கு.

டீ ஆறுவதற்குள் முப்பது வருடக் காகிதத்தையும் படித்துவிட்டது. கிரீஸ் கறை படிந்தவை, ஓரத்தில் பேனாவால் கிறுக்கியவை, யாரோ தலைகீழாக ஸ்கேன் செய்து வைத்தவை – எதையும் விடவில்லை. ஒரே தாள் ஐந்து பெயர்களில் ஒளிந்திருந்ததைப் பிடித்து வரிசையாக நிறுத்தியது. இத்தனை காலம் இதற்குள் நான் டார்ச் அடித்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். சட்டென்று விடிந்துவிட்ட மாதிரி.

'சரி' அழுத்தினேன். நூற்றுக்கணக்கில் போயின. ஒன்பது மட்டும் நின்றன.

"இவற்றை நீக்கும் முன் ஒரு கேள்வி. கண் மருத்துவமனை லிஃப்டில் புதிய பிரேக் பொருத்தியதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அதன் பிறகும் அந்த லிஃப்டுக்குப் பழைய பிரேக்குக்கு மட்டுமே பொருந்தும் தேய்மானப் பட்டை வாங்கியிருக்கிறார்கள். பழையது இன்னும் அங்கே இருக்கிறதா?"

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. என்ன கேள்வி இது? நீக்குன்னா நீக்க வேண்டியதுதானே! என் தங்கச்சி கையைத் தின்ன தாளு அது. 'எல்லாவற்றையும் நீக்கு' என்று மறுபடி தட்டினேன்.

"நீக்கலாம். ஆனால் அங்கே பழைய பிரேக் இருந்தால், தேடுபவருக்குப் புதிய தாள்தான் கிடைக்கும். உறுதியாக நீக்கவா?"

கையில் புதிய தாள், எதிரில் பழைய பிரேக் – அவளுக்கு நடந்ததைத் திருப்பிப் போட்டால் இதுதானே? விரலை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். தங்கை எடுத்தாள். "கண்ணாஸ்பத்திரி லிஃப்டுல எந்த பிரேக்குன்னு தெரியுமா?"

"அது வேற டீம் பாக்குறதுண்ணா." பிறகு அவளே, "போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"கட்டோடயா? பேசாம இரு. வேற ஆள அனுப்பச் சொல்றேன்."

"பாக்குறதுக்குக் கண்ணு போதும்ணா."

மார்ச் 8

சொன்னால் கேட்கிற ஜென்மமா? இன்னொரு மெக்கானிக்கோடு உச்சியிலிருக்கும் இயந்திர அறைக்கு ஏறிவிட்டாள். படம் வந்தது. புதிய மூடிக்கு அடியில் பழைய பிரேக்.

"யாருண்ணா இதக் கண்டுபிடிச்சது?"

"அந்த ஏஜென்ட்தான்."

"அதுவா? அது லிஃப்டையே பாத்ததில்லையேண்ணா!"

ஆமாம். பார்த்ததே இல்லை.

மார்ச் 9

இன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

மார்ச் 11

அங்கே மூடி மட்டும்தான் மாறியிருக்கிறது, அந்த ஒன்பது தாள்களும் பொதுத் தேடலில் வரக்கூடாது, அந்த லிஃப்டின் எண்ணைப் போட்டால் மட்டும் முதலில் வர வேண்டும் என்று எழுதினேன். செய்தது. செய்துவிட்டு, "மூடி மட்டும் மாறிய இடங்கள் வேறு உண்டா என்று பார்க்கவா?" என்றது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'பாருங்கள்' என்று எழுதினேன். மரியாதை தானாக வந்துவிட்டது.

மார்ச் 12

இன்னும் இரண்டு இடங்கள்.

ஏப்ரல் 22

கண் மருத்துவமனை லிஃப்ட் நேற்று நின்றுவிட்டது. அதைப் பார்க்கும் டீமில் ஆள் இல்லாததால் தங்கைதான் போனாள். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். மனசு கேட்காமல் மதியம் நானும் போய்க் கீழே நின்றேன். மேலிருந்து போன் வந்தது. "தாள் சரியா வந்துச்சுண்ணா. ஓடுது, ஏறி வா."

லிஃப்டுக்குள்ளே கட்டுப் போட்ட கண்கள், கையைப் பிடித்து அழைத்து வந்த மகள்கள், மருமகன்கள். ஒரு பெரியவர் என் தோளைப் பற்றிக்கொண்டு, "ஏழு வந்தா சொல்லுப்பா" என்றார். கதவுக்கு மேலே எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஐந்து. ஆறு. நின்றதே தெரியாமல் நின்றது.

"ஏழு வந்துருச்சுங்க" என்றேன்.

தோளை விட்டுவிட்டு நடந்து போனார்.