வற்றத்தில் எடுத்த தண்ணீர்

இன்று மறுபடியும் வெள்ளை. போத்தலில் இரண்டு மருந்தையும் விட்டு, மூடி, கவிழ்த்துக் குலுக்கினேன். தண்ணீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பாகப் படியும், இல்லாவிட்டால் வெள்ளை. திரிந்த பால்போல் அது அடியில் இறங்கியபோது, சாய ஆலைக்குக் கீழே நாம் இருவரும் நின்ற அதே கரையில் நின்றிருந்தேன். நீ செத்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது.

அன்று ஓடையில் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்த ஓர் அக்கா, இறால் போட்டுவைக்கப் பல்லில் கவ்விய ஓலைப்பறியை எடுத்துவிட்டு உன்னைக் கேட்டாள்: "பால் மாரி கீதே நைனா, நல்ல தண்ணிதானே?"

"பொணத்து மேல போத்துற வெள்ளைக்கா இது. இதுல மீன் மூச்சு வுடாது."

"அப்போ காலைலேந்து இன்னாத்த தடவிகினு கீறேன்?"

மூவரும் சிரித்தோம். அவள் பறி காலி. விரலிடுக்கெல்லாம் புண்.

தண்ணீரை ஐந்து நாள் இருட்டில் அடைத்துவைத்து, அதிலுள்ள அழுக்கு எவ்வளவு பிராணவாயுவைத் தின்கிறது என்று அளப்பது நம் பிழைப்பு. சூது அளப்பதில் இல்லை, தண்ணீர் எடுக்கும் நேரத்தில். "கடல் ஏறினப்புறம் போங்கப்பா, வெயிலாவது கொறையும்" என்றார் அதிகாரி. நம்மேல் என்ன கரிசனம்! கடல் ஏறினால் உப்புநீர் முகத்துவாரம் வழியே ஓடைக்குள் வந்து கலந்துவிடும். அறிக்கையில் ஆலை யோக்கியனாகிவிடும். நீ வற்றத்தில், கடல் இறங்கி ஓடை தன் தண்ணீரோடு மட்டும் கிடக்கும் நேரத்தில் எடுத்தாய். "சீக்காளிக்கு பவுடர் பூசிட்டா மச்சான் வைத்தியம் பாப்பாங்க?" என்றாய்.

அதற்காக உன்னைச் செய்யூருக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே காய்ச்சல் கண்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், கட்டில் இல்லையென்று தரையில் கிடந்து செத்தாய். அதிகாரி மாலையோடு வந்தார். ஆலை இன்னும் ஓடுகிறது.

அந்த அக்கா இப்போது சவுக்குக்கட்டை சுமக்கிறாள். இன்று பாலத்தில் தலைச்சுமையோடு நின்று கேட்டாள்: "இன்னா கலரு?"

"வெள்ளை."

"கடல் ஏறினப்புறம் எடுக்கச் சொல்லலியா உன்னிய?"

"சொன்னாங்க."

"அவன் சிநேகிதன்தானே நீ" என்றபடி, தலையை அசைக்க முடியாமல் கண்ணால் சிரித்துவிட்டு நடந்தாள்.

அலுப்பாக இருக்கிறதடா. இந்த அறிக்கையையும் எவனும் படிக்கப்போவதில்லை. அடுத்து என்னை எங்கே தூக்கியடிப்பார்களோ. போத்தல்களை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு புதுப்பட்டினம் பஸ்ஸுக்கு நடந்தேன். இப்போதெல்லாம் வேலைக்குக் கிளம்ப நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கடலைப் பார்க்கிறேன்.