முதல் வரிசையில் உன் அப்பா

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்குக் கழுத்துவலி, உன் அப்பாவுக்கு வீம்பு, மற்றபடி இருவரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

கழுத்துவலிக்குக் காரணம் நீ கிராபிக்ஸ் வேலை பார்த்த படம்தான். பக்கத்துத் தெருவிலேயே ஓடுகிறது, ஆனால் கடைசியில் வரும் உன் பேரை மூன்று மாடி உயரத் திரையில்தான் பார்ப்பேன், அதுவும் முதல் வரிசையில் என்று அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். இரண்டு பஸ் மாறிப் போனோம். தானே தைத்த புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்தார், பொத்தானை மட்டும் ஒரு காஜா தள்ளிப் போட்டிருந்தார், தையல்காரர் லட்சணத்தைப் பார் என்று வழியெல்லாம் கிண்டல் செய்தேன். அண்ணாந்து உட்கார்ந்தால் கதாநாயகன் மூக்கே நம் வாசல்கதவு அளவு, அவன் அழுதபோது நனைந்துவிடுவோமோ என்று ஒதுங்கத் தோன்றியது. படம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள், பெருக்க வந்த அம்மா காலைத் தூக்கச் சொன்னாள், நாங்கள் அசையவில்லை. வரிசையாகப் பேர்கள் ஓடின. திடீரென்று அப்பா எழுந்து கைதட்டி, அதோ என் பொண்ணு என்று காட்டினார், பாவம் அந்த அம்மாவும் துடைப்பத்தை இடுக்கிக்கொண்டு தட்டினாள். அவர் காட்டியது படப்பிடிப்புச் சமையல்காரர்கள் பட்டியலை. உன் பேர் அதற்கப்புறம்தான் வந்தது, அப்போது அவர் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் பிடித்துக் கேட்டேன். ஆறு மாதமாக இரண்டு கண்ணும் புகை மூடினாற்போல் இருக்கிறதாம், கைப்பழக்கத்தில் தைக்கிறாராம். திரை அவ்வளவு பெரிதென்றால் எழுத்தும் பெரிதாக இருக்கும் என்று நம்பி வந்தாராம். ஊசியில் நூல் கோக்க அடிக்கடி கூப்பிட்டதைக் கொஞ்சல் என்றல்லவா நினைத்தேன், கண் இல்லாதவள் நான்தான். மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனேன். புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார். கத்தி என்றதும் உன் அப்பா சின்னப் பிள்ளை மாதிரி அடம். சரி, உங்க பொண்ணு சமையல்காரியாவே இருந்துட்டுப் போகட்டும் என்றேன், உடனே தேதி கேட்டார். அடுத்த மாதம் ஒரு கண், அப்புறம் இன்னொன்று. தெரிந்தால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய், சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கினார். சொல்லவில்லை, எழுதுகிறேன்.

நீ நூறு வயது நிறைவாக இருக்க வேண்டும், உன் பேர் இன்னும் எத்தனையோ திரைகளில் வர வேண்டும். ஓடிவராதே, நான் பார்த்துக்கொள்கிறேன். இது கிடைத்ததும் அவருக்குப் போன் செய், ஒன்றும் தெரியாதது போலப் பேசு. தொண்டை அடைத்தால் உடனே வைத்துவிடு, அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா